இடங்கை ஏலம்

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில்
முப்பத்திரண்டு பெட்டித் தக்காளி
என் பேருக்கு விழுந்தது.
நான் கேட்கவில்லை.
கை கேட்டது.

அதுவும் இடது கை.
பீச்சாங்கையால் எவன் விலை கேட்பான் என்று
கூட்டம் சிரிக்க,
ஆதிலிங்கம் தொண்டையைச் செருமி
"ஒரு தரம், ரெண்டு தரம்" என்றான்.
மூன்றாம் தரத்துக்குள் கை
இறங்கி, சுமைக்காரர் முண்டாசைத் தட்டிவிட்டு
மறுபடியும் ஏறியது.
என் விலைக்கு மேல் நானே விலை வைத்தேன்,
பெட்டிக்குப் பத்து ரூபாய் கூட.

அதற்கு மூன்று நாள் முன்பு விரலில்தான் தொடங்கியது,
உள்ளே இருந்து யாரோ சில்லறை எண்ணுவதுபோல.
பிறகு மணிக்கட்டு. முழங்கை.
அன்றைக்குத் தோளோடு சேர்த்து வீசியது.
வீட்டுக்குப் போகிற வழியில்
தென்காசி பஸ் ஒன்று எனக்காக நின்றே விட்டது.
"ஏறும் ஓய்" என்றார் கண்டக்டர்.

"இத்தன பெட்டிய என்ன பண்ண?" என்றாள் சந்தனமாரி.
பதிலுக்குக் கை
அவள் நீட்டிய டம்ளரை டிவிமேல் எறிந்தது.
கொடைக்கு வரி பாக்கி, மாடன் இறங்கிட்டான் என்றான் மச்சினன்.
பக்கவாதம் என்றார் எதிர்வீட்டுக்காரர்.
வாதம் வந்தால் கை கிடக்குமே,
இது நிற்க மாட்டேன் என்கிறதே!

தூங்கினால் மட்டும் நின்றது.
நடுச்சாமத்தில் அவள் லைட்டைப் போட்டுப் பார்த்தாளாம்.
துவைத்து மடித்த துண்டுபோல
நெஞ்சின்மேல் கிடந்ததாம்.
கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தாளாம்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
விரல்நுனியைக் குத்த ஒரு நர்ஸ் கையைப் பிடிக்க
இன்னொருத்தி என்னைப் பிடித்தாள்.
வலது கையை நீட்டியிருக்கலாம்.
யாருக்கும் தோன்றவில்லை.

ஐந்நூற்றுப் பதினாறு.

"மாத்திரை?"
"நிறுத்திட்டேன்."
"எப்போ?"
"பங்குனியில. பதனீர் எறங்குனதும்."
டாக்டரம்மா பேனாவை மூடினாள்.
"சீனி தொடுறதில்லம்மா,
கருப்பட்டிக் காப்பிதான்" என்றேன்.
மறுபடியும் திறந்து அதையும் எழுதினாள்.

தலையைப் படம் எடுத்தார்கள்.
வலது பக்கம், ஆழத்தில்,
கொட்டைப்பாக்கு அளவில் ஒரு வெள்ளை.
"கட்டியா?"
"இல்ல. சீனி ஏறி ஏறி
அந்த இடம் கோவிச்சுக்கிட்டு நிக்கி.
அதான் எதிர்ப்பக்கத்துக் கை ஆடுது.
சீனி எறங்குனா இதுவும் அடங்கும். மெதுவா."

முப்பது வருசமாக ஏலத்தில் நிற்கிறேன்.
மூடின பெட்டியை முகர்ந்தே
அடியில் எத்தனை அழுகல் என்று சொல்வேன்.
இந்தக் கோடையில்
ராத்திரி அஞ்சு தரம் எழுந்தேன்,
செம்பு செம்பாய்த் தண்ணீர் குடித்தேன்,
உள்ளங்கால் எரிந்தது.
வெயில் என்றேன்.

காலையில் ஊசி, ராத்திரி ஊசி.
ஆறாம் நாள் தோள் அடங்கியது,
அடுத்த வாரம் முழங்கை.
விரல்கள் மட்டும்
கணக்கு முடியாமல் எண்ணிக்கொண்டிருந்தன.
தக்காளியில் பதினொரு பெட்டியைச் சந்தனமாரி
கடையத்தில் வந்த விலைக்குத் தள்ளினாள்.
மீதியின் நாற்றம்
வார்டு வரைக்கும் அவள் சேலையில் வந்தது.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
ஊசி போடக் கற்றுக்கொண்டாள்.

ஆடி பிறந்து
சாரல் காற்று தகரக் கூரையைத் தூக்கிப் பார்த்த ஒரு காலை
மார்க்கெட்டுக்குப் போனேன்.
இடது கையை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டு
வலது கையைத் தூக்கினேன்.

ஆதிலிங்கம் பாதியில் நிறுத்தினான்.
"அண்ணாச்சி, கேக்கியளா?
இல்ல, சும்மா வருதா?"

யாரும் சிரிக்கவில்லை.
எல்லாரோடும் சேர்ந்து
நானும் அண்ணாந்து அந்தக் கையைப் பார்த்தேன்.

"கேக்கேன்" என்றேன். "பன்னெண்டு பெட்டி."

மூன்று தரம் சொல்லி முடித்த பிறகும்
அதைக் கீழே இறக்கவில்லை.