எட்டில் ஓர் அங்குலம்

ஏலச் சீட்டில் அடுப்பு என்ற சொல்லே இல்லை.
"பழைய இரும்பு, கலப்படம், ஒரு குவியல்."
நாற்பது டாலர். போட்டிக்குக் கேட்டவர் ஒருவர்தான்,
அவரும் எடைக்கு உடைத்து விற்பவர்.
பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு
அப்படியே வந்திருந்தேன், சாவி இன்னும் கழுத்தில்.

பதினேழு துண்டுகள். கால் மூன்று.
உச்சிக் குமிழ் இருக்கவேண்டிய இடத்தில்
யாரோ ஒரு கதவுப்பிடியைத் திருகியிருந்தார்கள்.
அதை நான் மாற்றவில்லை.

அக்டோபர் முழுக்கத் துரு.
கம்பித் தூரிகை, வினிகர், மூக்கில் கட்டிய துணி.
தும்மினால் செங்கல் நிறம்.
ஒரின் கொட்டகை வாசலில் நின்று,
"எண்ணெய் பாய்லர் நன்றாகத்தானே ஓடுகிறது, மார்வினா?"
ஓடுகிறது. ஓடவில்லை என்று நான் சொன்னேனா?

கதவில் பன்னிரண்டு சின்ன ஜன்னல்கள்.
காக்காப்பொன் தகட்டைச் சவரக் கத்தியால்
ஏடு ஏடாகப் பிரித்தேன், வெங்காயச் சருகு போல.
ஒன்பதாவதில் இலை நரம்பு மாதிரி ஒரு கறை.
அதை என் நாற்காலிக்கு நேராக வைத்தேன்.

தீக்கலம்தான் தகராறு. விளிம்பிலிருந்து அடிவரை விரிசல்.
மூன்று மணி நேரம் ஓட்டிப்போனேன்,
எனோஸ் ரீலின் வார்ப்பாலைக்கு.
விரல் கணுவால் தட்டிப் பார்த்தார், பானை வாங்குகிறவர் போல.
"இதையே மணலில் பதித்து அச்செடுக்கலாம்.
ஆனால் வருவது சிறுத்து வரும்.
அடிக்கு எட்டில் ஓர் அங்குலம்.
ஆறும்போது இரும்பு தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளும்."
"அதற்கு என்ன செய்வது?"
"இடைவெளியில் உலைச் சிமென்ட் பூசுங்கள்.
முன்பணம் பாதி."

நவம்பர் பத்தொன்பது. முதலில் விறகு.
அதன்மேல் ஒரு கை கரி, பிறகு இன்னொரு கை.
விறகு சடசடவென்று வாயாடும்.
எங்கள் மலைக்கரி ஊமை.
அரை மணி நேரம் ஒன்றுமே நடக்காது.
பிறகு கருப்பின்மேல் நீலம்,
வேர் இல்லாத நீலம்,
ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குத் தாவும்.

ஒன்றே ஒன்று சொல்லியிருந்தேன்:
மேலிருந்து கிளறாதே.
நான் காலை நடைக்குப் பேருந்தில் போன நேரம்
ஒரின் கிளறினான். செத்துவிட்டது.
"உயிர்ப்பிக்கத்தான் பார்த்தேன்" என்றான்.
அள்ளிக் கொட்டினேன், இரண்டு வாளி,
பாதி எரிந்த கரி, பேசாத இரவுச் சாப்பாடு.

ஜனவரியில் ஒரு விடியற்காலை, மூன்று மணி,
விஷவாயு மணி வீறிட்டது.
போர்வையும் பூட்ஸுமாகப் பனியில் நின்றோம்.
எதிர்வீட்டு பெர்னடீன் க்ளூஷ்கோ ஜன்னலைத் திறந்து
"உயிரோடு இருக்கிறீர்களா?" என்றாள்.
"இருக்கிறோம்."
"அப்படியானால் அதை நிறுத்துங்கள்" என்று மூடிக்கொண்டாள்.
ஒரின் சிரிக்க ஆரம்பித்தான். நான் சிரிக்கவில்லை.
என் கை நடுங்கிக்கொண்டிருந்தது,
தீயணைப்பு வண்டி வந்து போன பிறகும்.

குழாய் முழங்கையில் சாம்பல், பஞ்சு போல,
முக்கால் வாசி அடைத்திருந்தது.
துலக்கும் தேதியை நான்தான் மறந்திருந்தேன்.
காலையில் ஒரின் குழாயைக் கழற்றினான்,
முற்றத்தில் தட்டினான், தலைமுடி நரைத்து உள்ளே வந்தான்,
மூன்று திருகாணியையும் மாட்டினான்,
சுவரில் மாதக் கணக்கு எழுதித் தொங்கவிட்டான்.

இன்றிரவு பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.
சிமென்ட் வெடித்துவிட்டது.
கலத்தின் விளிம்பைச் சுற்றி
ஒரு நூல் தடிமனுக்குச் சிவப்புக் கோடு,
ஒன்பதாம் ஜன்னலில் நன்றாகத் தெரிகிறது.
"மே மாதம் பூசலாம்" என்கிறேன்.
ஒரின் இரண்டு கையையும் முழங்காலுக்கு இடையில்
இறுக்கி வைத்திருக்கிறான்.
"இப்போது கிளறலாமா?"
"கீழிருந்து."
குனிந்து கம்பியை ஆட்டுகிறான், மெதுவாக,
சாம்பல் தட்டில் முதல் தணல் விழும்வரை.
"போதும்."
நிறுத்திவிட்டான்.