ஊக்கு

மெட்டி வெள்ளிதான், இருக்கட்டும்.
துப்பட்டா ஊக்கைக் கழற்றி
வண்டிச் சாவியோடு வரப்பில் வைத்தேன்.
காந்தமானிக்கு இரும்பு ஆகாது,
ஊக்கையும் ஒரு பழைய உலை என்று எழுதிவிடும்.

பனைக்குளத்துக்குக் கிழக்கே
உடைமரங்களுக்கு நடுவே கயிறு கட்டி
அரை மீட்டருக்கு ஒரு நடை,
போவதும் வருவதுமாய் நாற்பது.
ரேடாரை முதல் நாளே
உப்பு மண் குடித்துவிட்டது.
திரையில் வெறும் சாம்பல்.

நிலத்துக்காரர் சீனி உதுமான் தினமும் கேட்பார்:
"நல்ல தண்ணி காட்டுதா?"
மூன்று தடவை போர் போட்டவர்.
மூன்றும் கரிப்பு.

நாலாம் நாள் மாலை மடிக்கணினியில்
ஒரு வட்டம்.
சுட்ட மண்.
சூளையில் ஆறும்போது பிடித்த வடக்கை
இன்னும் விடாமல்
உறைக்கு உறை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"உறைகிணறு போல இருக்கு."
போல என்பதை அழுத்திச் சொன்னேன்.

"எத்தனை அடியில?"
"ஆறு இருக்கலாம்."
"தண்ணி?"
"அப்ப இருந்திருக்கும்."

"குடிச்சிருக்கானுங்க" என்றார்,
பக்கத்து வீட்டுக்காரனைச் சொல்வதுபோல.

இடம் மறந்துபோகக் கூடாதென்று
அன்றிரவே வந்து
நட்ட நடுவில் தன் கடப்பாரையை
ஆழ ஊன்றிவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் திரும்ப அளந்தோம்.
திரை முழுக்க
கடப்பாரை.