தட்டில் தண்ணீர் இல்லை

யீஷூனில் எனக்கு இன்று நான்கு புளோக்.
கையில் டார்ச், உறிஞ்சுகுழல், சின்னப் போத்தல்.
கொசுப்புழு தேடுவதுதான் பிழைப்பு,
செடி பார்ப்பதல்ல.

பதினொன்றாம் மாடி மூலை வீட்டு வாசலில்
மைலோ டின்களிலும் பெயின்ட் வாளியிலும்
தடித்த இலைகளின் கூட்டம்.
தட்டுகளைக் கவிழ்த்தேன். உலர்ந்திருந்தன.
மறுபடியும் கவிழ்த்தேன்;
வேலை அப்படி.

"ரணகள்ளிக்குத் தண்ணியைக் காட்டணும்,
ஊட்டக் கூடாது" என்றார் வடமலை.
டிரெய்லர் ஓட்டுகிறவர்.
துவாஸ் நெரிசலில் அடக்கி அடக்கி
சிறுநீரகத்தில் ஒரு கல் வளர்த்தவர்.
மணல் பாதி, உடைத்த செங்கல் பாதி,
மண் பெயருக்கு.

விடிகாலையில் ஓர் இலை, மூன்று மிளகு, வெறும் வயிறு.
அப்போது புளிக்குமாம்.
நண்பகலில் அதே செடி சப்பென்று இருக்குமாம்.
"ராத்திரி சம்பாதிச்சுப் பகல்ல செலவழிக்குது.
என்னை மாதிரி, நைட் ஷிப்ட்."

பலதுறை மருந்தகத்தில்
நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்றார்கள்.
அதையும் குடித்தார்.
ஒரு செவ்வாய்க்கிழமை கல் விழுந்தது.
மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினார்,
எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது.
எது தள்ளியது என்று கேட்டேன்.
"ரெண்டுமே ஒத்துக்கல."

பக்கத்து வீட்டு ரொக்கையா எட்டிப் பார்த்தார்.
மகனுக்குச் சுரமென்றால்
இலையை நசுக்கி நெற்றியில் அப்புவாராம்.
அவர் வாயில் அது 'செடிங்கின்'.
முன்பாதி தமிழ்தான் என்று வடமலைக்குப் பிடிவாதம்.
டெங்கிக்குமா? என் கேள்வி அது.
"டெங்கி என்றால் டாக்ஸி," என்றார்,
"நேரே ஆஸ்பத்திரி."

பூத்ததுண்டா என்று கேட்க மறந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, வேறு புளோக்கில்,
ஒரு பூச்சாடி நிறையப் புழு நெளிந்தது.
சாடிக்காரி அழுதாள்.
எழுதுவதற்குக் குறிப்புப் புத்தகத்தை விரித்தேன்.
எப்போது விழுந்ததோ,
நடுவில் அந்த வீட்டு இலை.
மண்ணில்லை, நீரில்லை, வெளிச்சமும் இல்லை.
விளிம்பின் ஒவ்வொரு பல்லிலும் ஒரு குஞ்சு,
மொத்தம் ஏழு.
வெள்ளை நூல் வேர்கள்
தேதி எழுதும் கோட்டின் மேல் ஓடியிருந்தன.

சாடிக்காரியும் பார்த்தாள்.
அழுகையை நிறுத்தி,
"இதுக்கு யாருகிட்ட அனுமதி வாங்கினே?" என்றாள்.

பதில் சொல்லவில்லை.
அடுத்த தாளில் அவள் பெயர் எழுதினேன்,
தொகையும்.
கீழே வரும்வரை மின்தூக்கியில்
புத்தகத்தை முழுதாக மூடாமல் பிடித்திருந்தேன்.

இப்போது என் சன்னலில் ஒரு பிஸ்கட் டின்.
அடியில் ஆணியால் ஐந்து துளை.
தட்டு வைக்கவில்லை.