தொண்ணூற்றிரண்டாம் அடி

என் மேசை இழுப்பறையில்
காசோலைப் புத்தகத்துக்குக் கீழே
பதினேழு மருந்துப் போத்தல்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு ஊரின் அடிவயிறு.

கிளிநொச்சியில்
குழாய்க்கிணறு துளைக்கும் கம்பனியில்
கணக்கு எழுதுபவள் நான்.
அடிக்கு இவ்வளவு, பைப்புக்கு இவ்வளவு,
டீசல் தனி.
லொறி திரும்பும் பின்னேரங்களில்
யேசுரட்ணம் பற்றுச்சீட்டோடு
ஒரு சொப்பிங் பையையும் வைப்பான்:
"இந்தாங்கோ, உங்கட குப்பை."

முதலில் கழுவவேண்டும்.
தேத்தண்ணி வடியில் போட்டு மூன்று தண்ணி.
பிறகு பழைய பேப்பரில் காயவிட்டு
பத்து மடங்கு காட்டும் சின்னக் கண்ணாடியைக்
கண்ணோடு ஒட்டி
மூச்சை அடக்கிக்கொண்டு குனிய வேண்டும்.

கனகராயன்குளம், நூற்றுப்பத்து அடி:
மாதுளை முத்துப்போலக் கார்னெட்.
உடைசல். எந்த நகைக்கடையும் வாங்காது.
ஆனாலும் ஜன்னல் பக்கம் பிடித்தால்
உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள்.
புளியங்குளம், எழுபது:
மைக்கா. விரலில் ஒட்டி
அன்று முழுக்க லெட்ஜரில் மினுங்கியது.
"கலியாண வீட்டுக்குப் போய் வந்தனீரோ?"
முதலாளி கேட்டார்.
கொக்கிளாய்க் கரையில் நானே அள்ளிய கருமணல்:
காந்தத்தைக் காட்டினால்
கொஞ்சம் துள்ளி எழும்பும்,
மிச்சம் யோசிக்கும்.

ஒருமுறை காந்தம் வேறொன்றையும் பிடித்தது.
ஆறடி ஆழம்கூட இல்லை.
கல்லுமில்லை. ஓரமெல்லாம் கூர்.
அதற்கும் ஒரு போத்தல் கொடுத்தேன்.
பெயர் எழுதவில்லை.

வேரவிலுக்கு மட்டும் நானும் போனேன்,
நாகபூசணியம்மாவிடம் மிச்சக் காசு வாங்க.
கழுத்தில் மஞ்சள் கயிறு.
கொடி எங்கே போனதென்று
என் ரசீதுப் புத்தகத்துக்குத் தெரியும்.

தொண்ணூற்றிரண்டாம் அடியில்
இயந்திரம் வெள்ளைச் சேறு துப்பியது.
அதற்குள் கைவிட்டேன், முழங்கைவரை.
சுண்ணாம்புச் சில் ஒன்றில்
ஒரு சிப்பி.
சின்னவிரல் நகமளவு.
விசிறி மடிப்பு ஒவ்வொன்றையும் எண்ணலாம்,
எண்ணினேன், இருபத்தொன்று.
கத்தியும் விட்டேன்.

"தண்ணியோ பிள்ளை?"
ஆட்டுக்குக் குழை வெட்டிய கத்தியோடு
ஓடி வந்தார்.
தண்ணியும்தான் வந்தது.
இரு கையாலும் ஏந்தி
வாய்க்குள் கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டுத்
துப்பினார்.

யேசுரட்ணம் இயந்திரத்தை நிறுத்தினான்.
அதுவரை கேட்காமலிருந்த
ஆடு, காகம், பக்கத்து வளவு ரேடியோ
எல்லாம் ஒரேயடியாகக் கேட்டன.

ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது.
"ஒண்டரைக் கோடி வருசத்துக்கு முன்னம்
இதில கடல் இருந்தது அம்மா"
என்று கையை விரித்துக் காட்டினேன்.
எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.
அதில் இன்னும் கொஞ்சம் சந்தோசம் இருந்தது.

குனிந்து பார்த்தார், கனநேரம்.
நகத்தால் மடிப்புகளைத் தடவினார்.
"இருந்ததெண்டு ஏன் சொல்லுறீர்?
அது இன்னும் போகேல்லையே."

பிறகு அதை என் உள்ளங்கையிலிருந்து எடுத்தார்.
"அடிக்குக் காசு கட்டினது நான்.
இது என்ர."
சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு
மிச்சக் காசை எண்ணித் தந்தார்,
நூறு ரூபாய்த் தாள்களாக,
இரண்டு தரம் எண்ணி.
தொண்ணூற்றிரண்டு அடிக்கும்
பில் எழுதியது நான்தான்.

வரும்போது, வெறும் கையோடு வர மனமில்லாமல்
பதினெட்டாம் போத்தலில்
அந்தத் தண்ணியைப் பிடித்து வந்தேன்.
மூடவில்லை. அலுமாரிக்கு மேலே வைத்து
மறந்தும் போனேன்.

மாசிக் கடைசியில் எடுத்துப் பார்க்க
அடியில் வெள்ளையாய்ப் பொருக்கு.
கண்ணாடிக்குக் கீழே
அத்தனையும் சதுரம் சதுரமாக,
மூலை மழுங்காமல்,
யாரும் செதுக்காமல்.
கண்ணை எடுக்க முடியவில்லை.

வெளியே லொறி வந்து நின்றது.
"இண்டைக்கு நல்ல தண்ணி அக்கா"
என்று கத்திக்கொண்டு வந்தான் யேசுரட்ணம்.
"எந்த இடம்?" என்று கேட்டேன்.
ஊரைச் சொன்னான், ஆழத்தைச் சொன்னான்.
பை கொண்டுவர மறந்திருந்தான்.