ஒரு நூலுக்கு ஓரிடம்

பத்தொன்பது வருடம் ஒரே சட்டத்தில் இருந்தேன்:
ஒரு நூலுக்கு ஓரிடம்.
காப்பிச்செடி நோய்களை
யாராவது சமையல் வரிசையில் செருகிவிட்டுப் போனால்
தேடிப் பிடித்து இழுத்து வருவேன்,
மட்டம் போட்ட பையனைப் பள்ளிக்கு இழுத்து வருவதுபோல்.

பிறகு சேலத்தில் மூன்று நாள் பயிற்சி.
முப்பது பேர். கணினி பதினொன்று.
ஆத்தூர்க் கிளை தனபாக்கியத்துக்கு மவுஸ்,
எனக்கு விசைப்பலகை.
கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து வேண்டுமாம்.
தமிழில் ஏது பெரிய எழுத்து என்றார் தனபாக்கியம்,
மதியச் சாப்பாடு வரை அதிலேயே போயிற்று.

இரண்டாம் நாள் தட்டச்சு.
செவ்வாய்ப்பேட்டையில் படித்து லோயர் பாஸ் செய்த விரல்
ழகரத்தைத் தேடிப் பழைய முகவரிக்குப் போனது.
அங்கே வேறு யாரோ குடியிருந்தார்கள்.

மூன்றாம் நாள்தான் ரெஹானா சொன்னாள்,
பயிற்சி கொடுக்க வந்த பெண்,
போகிற போக்கில்:
ஒரு புத்தகத்துக்கு எத்தனை குறிச்சொல் வேண்டுமானாலும்
போடலாம் மேடம்.
எத்தனை வேண்டுமானாலுமா?
கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது ஏற்காடு பஸ்ஸில் ஜன்னல் இருக்கை.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
சேலத்து விளக்குகள்
ஒருமுறை இந்தப் பக்கம்,
ஒருமுறை அந்தப் பக்கம்.
ஊர் நகரவே இல்லை.
பதினான்காவது வளைவில் எனக்கு அது உறைத்தது.
பக்கத்து இருக்கைக்காரர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் போட்டேன்.
காப்பி. நோய். பூஞ்சை.
அடுத்த வாரம் அதற்கு மழை என்று சேர்த்தேன்.
யாரும் வராத ஒரு மதியம், கடன்.
நாகலூர்க்காரர்கள் அதை எடுக்க வரும் முகத்தை
நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை.
ரயில்வே தேர்வு வழிகாட்டி:
மூன்று பேர் தேறினார்கள்.
ஒரு துப்பறியும் நாவல்:
கடைசித் தாள் இல்லை,
நாற்பதாம் பக்கத்தில் கொலைகாரன் பெயர் பென்சிலில்.
கர்ப்பகாலப் பராமரிப்பு,
பதிவேட்டில் ஒருமுறைகூட வெளியே போகாத புத்தகம்,
முனை மட்டும் கறுத்துப்போனது,
வார இதழ் அலமாரிக்குப் பின்னால்
வாசலைப் பார்த்தபடி புரட்டுகிற பெண்கள் எனக்குத் தெரியும்.
அதற்கு:
நின்றபடி படிக்கப்படுவது.

ஆய்வாளர் போன் செய்தார்.
அமலோற்பவம் மேடம், இதெல்லாம் என்ன?
பொருள் சார்ந்து போடுங்கள்,
பொழுதுபோகாமல் போடாதீர்கள்.
சரி சார் என்றேன்.
அழிப்பது சேர்ப்பதைவிடச் சுலபம்,
உறுதியாகவா என்று ஒரு தடவை கேட்கும், அவ்வளவுதான்.
மழையைக்கூட எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை கரண்ட் வந்தபோது மணி பன்னிரண்டு.
தேடியும் கிடைக்காத சொற்களுக்கு ஒரு பட்டியல் உண்டு,
ரெஹானா காட்டித் தந்தது.
பார்ப்பதற்கு எனக்கு அதுவரை தோன்றவில்லை.
வெல்டிங், முடிவு: 2.
இது ஏன் இங்கே வந்தது தெரியவில்லை.
குதிரை வளர்ப்பு, முடிவு: 0.
நின்றபடி படிக்கப்படுவது,
சனி இரவு 11.40,
முடிவு: 0.

பெயர் இல்லை. எந்த ஊர் என்று இல்லை.
மஞ்சக்குட்டையாக இருக்கலாம், செம்மநத்தமாக இருக்கலாம்,
இந்தத் தெருவின் கடைசி வீடாகவும்.
போர்வைக்குள் ஒரு போன் வெளிச்சம்.
அதற்கு நான் கொடுத்த பதில் ஒரு பூஜ்யம்.

மறுபடி தட்டச்சு செய்தேன்.
இரண்டு பிழை, திருத்தினேன், சேமித்தேன்.
ஆய்வாளர் வரட்டும், சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு எழுந்து போய்
என் மேசைக்குப் பக்கத்தில் கிடந்த முக்காலியை
வார இதழ் அலமாரிக்குப் பின்னால் போட்டேன்.
ஒரு கால் கொஞ்சம் ஆடும்.
பழைய வருகைப் பதிவேட்டின் அட்டையை
மடித்துக் கொடுத்தேன்.

இனி அந்தக் குறிச்சொல் பொய்யாகிப் போகலாம்.
போனால் மாற்றிக்கொள்கிறேன்.
மாற்றத் தெரியும் எனக்கு.