வலப்பக்கத்துத் துரு

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து
முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.
கவுஞ்சியில், பஸ் திரும்பும் மேட்டுக்கு மேலே
ஒரு வீட்டு மீட்டர் பெட்டித் தகரத்தில்
வெள்ளைப் பெயின்ட்டில் எட்டு இலக்கம்.

இரண்டு மாதத்துக்கொரு முறை ரீடிங் எடுக்கப் போவேன்.
குழந்தைவேலப்பனும் தம்பிகள் இருவரும்
பூண்டுக் காட்டைப் படிப்படியாக எண்ணி
மூன்று பாகம் போட்டிருந்தார்கள்.
மாட்டுக் கொட்டகைக்கும் கயிறு பிடித்தாயிற்று.
"மீட்டர எப்புடிங்க பிரிக்கிறது?" என்றான் கடைசித் தம்பி.
தனித்தனியாக மனுக் கொடுக்கணும் என்றேன்.
சொல்லும்போதே, பழக்கதோஷம்,
இலக்கங்களைக் கூட்டிவிட்டேன். முப்பத்தெட்டு.
மூன்றால் வகுத்தால் இரண்டு மிஞ்சும்.
பகு என்ற வேரில்தான் பாகமும் முளைத்தது,
பகையும்.

பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம்.
ரீடிங் நோட்டின் பின்அட்டையில் தொடங்கினேன்:
ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு
எண்ணாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு வரை போனால் போதும்.
அதற்குள் எதுவும் நுழையவில்லையென்றால்
அப்புறம் எதுவும் நுழையாது.
ஆயிரத்துச் சொச்சம் வகுத்தல்.
ஆனியில் தொடங்கியது ஐப்பசி மழையில் முடிந்தது.
ஒவ்வொன்றிலும் ஏதோ மிஞ்சியது.
பகா எண்.

அதற்குள் துரு ஏறியிருந்தது.
கூரைத் தண்ணீர் சொட்டுவது வலப்பக்கம்.
கடைசி மூன்று முதலில் போயிற்று.
இருப்பதை வகுத்துப் பார்த்தேன். பகா எண்.
அடுத்த முறை இன்னொரு மூன்று. மீதியும் பகா எண்.
உறைபனிக்குப் பிறகு
ஒன்றும் ஒன்பதும் சேர்ந்தே உதிர்ந்திருந்தன.
7393.
இதற்குப் பின்அட்டை தேவைப்படவில்லை,
நடந்துகொண்டே வகுத்தேன், சோலை முடிவதற்குள் தெரிந்துவிட்டது.
739. பிறகு 73.

எதிர்ப்பக்கமும் முயன்றேன்.
முழு எண்ணின் வாலில் ஓர் இலக்கத்தை ஒட்டினால்?
ஒன்றை ஒட்டினேன், மூன்று வந்து உடைத்தது.
ஏழை ஒட்டினேன், அதே மூன்று.
மூன்றும் ஒன்பதும்
வெகுநேரம் தாக்குப்பிடித்து ஏமாற்றின.
இரட்டைப்படையையும் ஐந்தையும் கேட்கவே வேண்டாம்.
எத்தனை தேய்ந்தாலும் உடையாதது
ஓர் இலக்கம் வளர்ந்தால் உடைகிறது.
இதை யாரிடம் சொல்வது?
அசிஸ்டன்ட் இன்ஜினீயரிடம் சொன்னேன்.
"அந்த லைனில் பாக்கி எவ்வளவு?" என்றார்.

மாசியில் மூன்று புது மீட்டர் வந்தன,
அடுத்தடுத்த எண்கள்.
அடுத்தடுத்த மூன்றில் ஒன்றை மூன்று வகுத்தே தீரும்.
அது அண்ணன் வீட்டுச் சுவரில் ஏறியது.
அவரிடம் சொல்லவில்லை.

பழைய பெட்டியைக் கழற்றியபோது
தகரத்தில் ஏழு மட்டும் இருந்தது.
பேரேட்டில் 'நீக்கப்பட்டது' என்று எழுதி
எட்டு இலக்கத்தையும் முழுதாகக் குறித்தேன்.
தகரத்தைக் கடைசித் தம்பி
கோழிக் கூண்டுக்கு அடித்திருக்கிறான்.
தலைகீழாக நிற்கிறது ஏழு.

இந்த முறை பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.
வகுக்க ஒன்றுமில்லை.
மஞ்சு இறங்கி முதல் வீட்டை மூடியது,
பிறகு அடுத்த வீட்டை.