உட்லண்ட்ஸ், அதிகாலை ஐந்து நாற்பது

திரையில் எல்லாம் இரண்டு நிறம்தான்.
உலோகம் நீலம்.
உண்பது, உடுப்பது, ஒருகாலத்தில் முளைத்தது
எல்லாம் ஆரஞ்சு.
பதினோரு வருடமாக இந்த நாற்காலி.
மனிதர்களை முகத்தால் அல்ல,
பைகளின் வயிற்றால் அறிவேன்:
நாசி லெமாக் பொட்டலம், இரும்பு முனைக் காலணி,
மடித்த சீருடை, மாத்திரை அட்டை,
யாரோ ஒருத்தி தினமும் சுமந்து கடக்கும்
தாய்ப்பால் இறைக்கும் கருவி.

நேற்று எங்கோ ஒரு சந்தையில் வெடித்தது.
ஊர்ப்பெயரைச் செய்தி வாசித்தவரே
இரண்டு விதமாகச் சொன்னார்.
அதன் புகை கடல் தாண்டி
எங்களிடம் வந்து சேர்ந்தபோது
சுற்றறிக்கையாக இருந்தது.
பத்தி நான்கு: ஒவ்வொரு பைக்கும் கூடுதலாக ஆறு விநாடி.

ஆறு விநாடி ஒன்றுமில்லை.
பாலத்தின் மேல் உறுமி நிற்கும்
அத்தனை மோட்டார் சைக்கிள்களோடும் பெருக்கிப் பாருங்கள்.
ஜொகூரில் மூன்றரைக்கு எழுந்தவன்
இனி மூன்றுக்கு எழ வேண்டும்.
குண்டு வைத்தவனுக்கு இவனைத் தெரியாது.
ஆனாலும் இவன் தூக்கத்தில் அரைமணி நேரம்
அவன் கைக்குப் போய்விட்டது.

உணவறைத் தொலைக்காட்சியில்
அமைச்சர்கள் கைகுலுக்கினார்கள்.
ஒலியை அடைத்து வைத்திருந்ததால்
யார் யாருக்கு ஆறுதல் சொன்னார்கள்,
யார் யாரை எச்சரித்தார்கள் என்று தெரியவில்லை.
சார்ஜன்ட் பூன் கெங் மீ ஹூனைக் கிளறியபடி சொன்னார்:
வேலை கூடும் லா. சம்பளம் கூடாது.

ஐந்து நாற்பதுக்கு அது வந்தது.
துணிப் பைக்குள்
அடர்நீல உருளை, ஒரு சாண் நீளம்,
ஒரு முனையில் திருகு,
உள்ளே ஆரஞ்சுத் தூள்.
பயிற்சிப் படத்தில் இருப்பது போலவே.
ஆறு விநாடி தேவைப்படவில்லை.
என் விரல் பொத்தானை அழுத்தியிருந்தது.

பட்டை நின்றது. வரிசை பின்வாங்கியது.
பைக்கு உரியவரை உரக்கக் கூப்பிட்டார்கள்.
மஸ்தான் கனி.
பெயர் காதில் விழுந்ததும்
சிலர் இன்னும் ஓரடி பின்வாங்கினார்கள்.
அந்த ஓரடிக்குச்
சுற்றறிக்கையில் பத்தி இல்லை.

கையைத் தூக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
தூக்கியிருந்தார்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
என் வீட்டிலும் கேஸ் அடுப்புக்கு மேல்தட்டில்
ஒன்று கிடக்கிறது.
எழுந்து போய்த் தமிழில் கேட்டேன்:
"இடியாப்ப உரலாண்ணே?"
"ஆமாம்மா. மரை தேஞ்சு போச்சு.
தேக்காவுல ஒருத்தர் சரி பண்ணுவாரு."

பூன் கெங் சிரித்தார். வரிசையும் சிரித்தது.
பயம் படியிறங்கும்போது அப்படித்தான் சத்தம் வரும்.
அவர் சிரிக்கவில்லை.
தட்டில் சிந்திய மாவை
விரலால் வழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு
போய்விட்ட பேருந்தை நோக்கி ஓடினார்.

அறிக்கையில் எழுதினேன்:
தவறான எச்சரிக்கை. விதிமுறை பின்பற்றப்பட்டது.
இரண்டும் உண்மை.
இன்னொரு நாள், இன்னோர் உருளைக்குள்
மாவு இல்லாமல் போகலாம்.
அதுவும் உண்மை.
அந்த நினைப்போடுதான் பகலில் தூங்குகிறேன்.
அந்த நினைப்புக்குத்தான் சம்பளம்.

மறுவாரம் வந்தார்.
கையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பை.
சட்டை, சாவிக்கொத்து, சர்க்கரை மாத்திரை,
பாதி கடித்த ரொட்டி.
யாரும் கேட்கும் முன்பே
ஊர் உலகத்துக்குத் தெரியும்படி.

பட்டையில் வைத்துவிட்டுத்
தள்ளி நின்றார், அவராகவே, ஓரடி.

இயந்திரத்துக்குள் அது நகர்ந்தபோது
திரையில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.
ஆறு விநாடி பார்த்தேன்.
விதி அப்படி.